காணாமல் போன தொப்புள்

ஓவியர் தொல்நிலன் அழுத அழுகையில், அர்மேனியன் தெருவில் சுவரோவியத்துக்கு முன்னால் வரிசை பிடித்து நின்ற சுற்றுப்பயணிகள் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். இதுவும் பினாங்கில் பார்க்கவேண்டிய இடங்களில் ஒன்று போலும் என்று ஒருவர் படம்கூட எடுத்துக்கொண்டார்.

ராமதாஸ் ஓவியக் கூடத்தின் மூலையில் நின்று அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவனுக்குப் பசித்தது. மேசைமேல் நீல நிற டப்பா ஒன்று திறந்திருந்தது. உள்ளே பொரித்த உருண்டைகள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் கைநனைக்கக் கூடாது என்பார்கள். ஆனால் செத்தது மனிதர் இல்லையே, வெறும் படம்தானே என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, ஓர் உருண்டையை வாயில் போட்டான்.

"தாய்நிலத்தோட தொப்புளை அறுத்துட்டாங்க," என்றார் தொல்நிலன்.

"எந்தக் கத்தியால?" என்று ராமதாஸ் வாய் நிறையக் கேட்டான்.

"ராமு, சும்மா இரு," என்றார் நவமணி.

நவமணி காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டு விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. எரியாத கடைக்குத் தீ நட்டம் கேட்டவர்கள், உயிரோடு மஹ்ஜோங் ஆடிக்கொண்டிருந்த மாமனாருக்கு மரணச் சான்றிதழ் கொண்டுவந்தவர்கள் என்று, இந்தத் தீவின் பொய்யர்களில் முக்கால்வாசிப் பேரை முகம் பார்த்தே அறிந்தவர். மீதிக் கால்வாசிப் பேர் அவர் இருக்கிற தெருப்பக்கம் வருவதில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் பூச்செடி வளர்த்துப் பார்த்தார். செடிகள் பொய் சொல்லாததால் அலுத்துப்போய், துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார். ராமதாஸ் அவருடைய காடியை ஓட்டுகிறவன், மூட்டை தூக்குகிறவன், வாயாடுகிறவன். சம்பளம் முதல் இரண்டு வேலைக்குத்தான். மூன்றாவதை அவன் சேவையாகச் செய்து வந்தான்.

தொப்புள் என்பது ஓர் ஓவியம். 'தாய்நிலத்தின் தொப்புள்' என்பது முழுப்பெயர். ஒரு மைவி காடியைப் போர்த்தி மூடும் அளவுக்குப் பெரிய துணியில் வரைந்தது. சட்டம் போடுவது மேற்கத்திய அடிமைத்தனம் என்று தொல்நிலன் அதைப் பாய் மாதிரி மூங்கிலில் தொங்கவிட்டிருந்தார். மூதாதையர் முறை. திருடருக்கும் அது வெகு வசதியான முறை. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது சுவரில் மூங்கில் மட்டும் தொங்கியது.

மாலை ஆறு மணிக்குத் திறப்பு விழா. டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வந்து திரை விலக்குவார். அதன்பிறகு அந்த ஓவியம் டத்தோவின் புதிய ஹோட்டல் வரவேற்புக் கூடத்துக்குப் போகும்.

"இவதான் எடுத்தா," என்று தொல்நிலன் கண்ணீருக்கு நடுவில் விரலை நீட்டினார்.

விரலின் மறுமுனையில் அனுஜா நின்றாள். கூடத்தைத் திறந்து, பெருக்கி, வருகிறவர்களுக்கு ஓவியங்களை விளக்கிச் சொல்லி, தொல்நிலனுக்குக் கொட்டைப்பாக்கு நிறத்தில் தேநீர் போட்டுக் கொடுக்கும் ஒரே ஆள். சுங்கை பினாங்கில் நவமணி குடியிருக்கும் அதே அடுக்குமாடியில், இரண்டு மாடி கீழே இருப்பவள். காலையில் நவமணிக்குப் போன் போட்டதும் அவள்தான்.

"நான் எடுக்கலக்கா. பூக்காரர் சாமான் இறக்கணும்னு பின்கதவைத் திறந்து வச்சுட்டு, முன்னாடி தோரணம் கட்டப் போனேன். திரும்பி வந்து பார்த்தா சுவரு மொட்டையா இருக்கு. அடுத்த மாசம் மியூசியத்துல வேலைக்குச் சேரணும். போலீஸ்ல பேரு ஏறிட்டா அவங்க எடுப்பாங்களா? படம் திருடினவளைக் கொண்டுபோய் மியூசியத்துல யாருக்கா வைப்பாங்க."

"இன்னும் போலீசைக் கூப்பிடலையே," என்றார் நவமணி. "ஏன் சார்?"

"ஆறு மணிக்குக் கூப்பிடறேன். டத்தோ முன்னாடி."

"இப்பவே கூப்பிட்டா என்ன?"

தொல்நிலன் மூக்கைச் சிந்தினார். "பத்திரிகைக்காரங்க ஆறு மணிக்குத்தான் வர்றாங்க."

நவமணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாகாத மாமனாருக்குச் சான்றிதழ் கொண்டுவந்தவரைப் பார்த்த அதே பார்வை. பிறகு, ஓவியத்தின் புகைப்படம் இருக்கிறதா என்று கேட்டார். அனுஜா விழா மலரை எடுத்துக் கொடுத்தாள். அட்டையிலேயே தொப்புள்.

சிவந்த மண், நீல வானம், நடுவே மரங்கள் நிறைந்த வெளி. அதன்மேல் மிதப்பது போல் நூற்றுக்கணக்கான கறுப்புக் குறிகள்: புள்ளிகள், சிலுவைகள், கொக்கிகள், ஏணிகள். நட்ட நடுவில் மிகப் பெரியதாக ஒரு வட்டம், வட்டத்துக்குள் இரண்டு புள்ளிகள், கீழே வால்போல் ஒரு கோடு.

"அந்த வட்டம் ஆதித்தாய்," என்றார் தொல்நிலன். விளக்கம் என்றதும் அழுகை தானாக நின்றது. "ரெண்டு புள்ளியும் சூரியன், சந்திரன். ஐயாயிரம் வருஷத்துக் குறி."

"அந்த வாலு?" என்றான் ராமதாஸ்.

"ஆராய்ச்சி நடக்குது."

"இதெல்லாம் எங்கே பார்த்து வரைஞ்சீங்க?" என்றார் நவமணி.

"ஒரு பழைய இரும்புப் பெட்டி. யாழ்ப்பாணத்துல இருந்து கப்பல்ல வந்தது. அதுக்குள்ள பழந்துணி. துணி ஓரத்துல, எத்தனை தடவை துவைச்சாலும் போகாத மையில இந்தக் குறிகள். பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு."

"பெட்டியை யார் கொடுத்தது?"

"நிலம் கொடுத்தது."

"நிலத்துக்கு அட்ரஸ் இருக்கா?"

"கலைஞனை அப்படியெல்லாம் கேக்கக் கூடாது," என்றார் தொல்நிலன். அடையாள அட்டையில் அவர் வினோதன். பிறந்தது பினாங்கு, படித்தது பினாங்கு, வயிற்றுப்போக்கு வந்தாலும் பினாங்கு ஆஸ்பத்திரிதான்.

"நீங்க யாழ்ப்பாணத்துக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"உடம்பாலயா, ஆன்மாவாலயா?"

"டிக்கெட் எடுத்து."

தொல்நிலன் கூரையைப் பார்த்தார். "எனக்கு ஃப்ளைட் ஒத்துக்காது."

ராமதாஸ் அட்டையை மூக்குக்கு அருகில் கொண்டுபோனான். "அக்கா, இந்தப் பனைமரத்துல எண்ணெய்ப்பனைக் குலை தொங்குது."

"அது குறியீடு," என்றார் தொல்நிலன்.

"தாசேக் கெலுகோர்ல எங்க அத்தை வீட்டுக்குப் பின்னாடியும் இதே குறியீடுதான் சார். வாரத்துக்கு ஒருதடவை லோரி வந்து ஏத்திட்டுப் போகும்."

தாய்நிலத்தின் காட்சிகள் எல்லாம் பாலம் தாண்டி முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில்தான் இருந்தன என்று இப்படித் தெரியவந்தது. அனுஜா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள்கள் லேசாகக் குலுங்கின. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்பது ராமதாசுக்குப் பிடிபடவில்லை.

நவமணி சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பின்கதவைத் திறந்து சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. திரும்பி வந்தவரின் பார்வை ராமதாசின் கன்னத்தில் நின்றது. அது ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"என்ன மெல்லுற?"

"சுசியம் அக்கா. அருமையா இருக்கு. மிளகுதான் கொஞ்சம் தூக்கல்."

"யாரு கொடுத்தா?"

"மேசையில இருந்துச்சு."

நவமணி அனுஜாவிடம் திரும்பினார். "நீ செஞ்சியா?"

"இல்லக்கா. டப்பா என்னோடதுதான். ஆனா…" அனுஜா மேசையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "காலையில கதவு திறக்கிறப்ப இது இங்க இல்ல. மேசையைத் துடைச்சதே நான்தான். தோரணம் கட்டிட்டு வந்தப்ப இருந்துச்சு. படம் காணோம்கிற பதட்டத்துல இதைப் பத்தி யோசிக்கல."

ராமதாஸ் மெல்லுவதை நிறுத்தினான்.

"ராமு," என்றார் நவமணி மிக மென்மையாக. அவர் மென்மையாகப் பேசினால் ராமதாசுக்கு முதுகில் வியர்க்கும். "இந்த வழக்குல இருக்கிற ஒரே தடயத்தை எத்தனை தின்ன?"

"ஒண்ணு மிச்சம் வச்சிருக்கேன்கா."

நவமணி அந்த ஒன்றை எடுத்துப் பிட்டார். வெளியே மெல்லிய மஞ்சள் மாவுத் தோல். உள்ளே வறுத்த பயற்றம்மாவும் தேங்காயும் சர்க்கரையும். கொஞ்சம் வாயில் போட்டுக் கண்ணை மூடினார். மீதியைத் தொல்நிலனிடம் நீட்டினார்.

"சார், இது என்னன்னு தெரியுதா?"

தொல்நிலன் உற்றுப் பார்த்தார். "மலாய்க் கூயேயா? ஓண்டே-ஓண்டே? எனக்கு ஷுகர் ஆகாது."

"பயத்தம் பணியாரம் சார். உங்க தாய்நிலத்துப் பலகாரம். எங்க ஆபீஸ்ல பாதிப்பேர் சிலோன்காரங்க. தீபாவளி வந்தா மேசைக்கு மேசை இதுதான்." நவமணி டப்பாவை மூடினார். "ராமு, திருடன் எப்படிப்பட்ட ஆளு?"

"நல்லா சமைக்கிற ஆளுக்கா."

"அப்புறம்?"

"சார் மேல கோவம் உள்ள ஆளு. ஆனா பலகாரம் தின்கிறவங்க மேல இல்ல."

"அனுஜா, உன் டப்பா வெளியே போனது எப்போ?"

"போன வாரம்க்கா. சொந்தக்காரங்க, சிநேகிதக்காரங்களுக்கு மட்டும் முன்காட்சி வச்சோம். முப்பது பேரு. சாப்பாடு மிஞ்சிப் போச்சு. என் வீட்டு டப்பா எல்லாத்தையும் கொண்டுவந்து, ஆளாளுக்குப் பங்குஸ் பண்ணிக் கொடுத்தேன். யாருக்கு எதுன்னு ஞாபகம் இல்ல."

"எத்தனை டப்பா திரும்பி வந்துச்சு?"

அனுஜா அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். "சாப்பாடு கட்டிக்கொடுத்த டப்பா எங்கேயாவது திரும்பி வருமாக்கா."

"அதான். இந்தத் தீவு கடல்ல முளைச்ச நாள்லேருந்து திரும்பி வந்த முதல் டப்பா இது," என்றார் நவமணி. "அதுவும் எப்படி? வெறும் டப்பாவைத் திருப்பக் கூடாதுன்னு பலகாரம் போட்டு வந்திருக்கு. யோசிச்சுப் பாரு ராமு. ஓவியத்தைத் திருட வந்த ஆளுக்கு, டப்பாவைக் கடன் வச்சுக்கிட்டுத் திருட மனசு வரல."

"அப்ப திருடன் பொம்பளை," என்றான் ராமதாஸ். "ஆம்பளையா இருந்தா டப்பாவையும் மூடியையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்க மாட்டான்."

"இன்னிக்கு நீ பேசினதுலயே உருப்படியான பேச்சு இதான். காடியை எடு."

*

ஜெலுத்தோங் பசாருக்குப் பக்கத்தில் குணவதியின் மாவு மில் இருந்தது. மிளகாய், மல்லி, மஞ்சள், அரிசி என்று ஊரே அரைத்துக்கொண்டு போகும் இடம். மாவோடு சேர்த்து ஊர்க்கதையும் அங்கே அரைபடும். அதற்குக் கூலி கிடையாது. உள்ளே காலை வைத்ததும் ராமதாஸ் பதினேழு தும்மல் தும்மினான். பதினெட்டாவதை நவமணியின் பார்வை தடுத்துவிட்டது.

"பச்சைப்பயறு வறுத்து அரைக்க யாராச்சும் வந்தாங்களா குணவதி?"

"ஏன்க்கா, மாவு சரியில்லன்னு சொல்லி அனுப்பினாங்களா?" குணவதி இடுப்பில் கைவைத்தாள். "மிஷினை மூணு தடவை கழுவ வச்சாங்க. மிளகாய்க் காரம் ஒட்டக்கூடாதாம். நின்னு பார்த்துக் கழுவ வச்சாங்க. பெத்த புள்ளையைக்கூட நான் அப்படிக் கழுவினது இல்லலா."

"யாரு?"

"வேற யாரு. யோகம்மாதான். கவர்மென்ட் ஆபீஸ்ல பெரிய கிராணியா இருந்து ரிட்டயர் ஆனாங்களே, சிலோன்காரம்மா. பின்ரோட்டுல பச்சை கேட்." குணவதி குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்திய குரலே மீன்கடை வரைக்கும் கேட்டது. "இன்னிக்கு என்னவோ அவசரம்க்கா அவங்களுக்கு. பக்கத்துக் கடையில ரெண்டு பார் சோப்பு, சோடா உப்பு, துணி தேய்க்கிற பிரஷ், எல்லாம் வாங்கிட்டு ஓட்டமும் நடையுமா போனாங்க."

காடிக்குத் திரும்பியதும் ராமதாஸ் கதவைப் பூட்டிக்கொண்டான்.

"அக்கா, தடயத்தை அழிக்கிறாங்க. ரத்தக்கறையா இருக்கும்."

"யாரோட ரத்தம்? தொப்புளோடதா?"

"உள்ளே எத்தனை பேரு இருக்காங்களோ. சர்வதேசக் கலைக் கடத்தல் கும்பலா இருந்தா?"

"பயத்தம் பணியாரம் சுடற கும்பலா? இருந்தா நான் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துக்கறேன். வண்டியை எடு."

*

பச்சைக் கேட் திறந்தே கிடந்தது. பக்கவாட்டு முற்றத்தில் கொடி கட்டி, தலையணை உறைகளும் படுக்கை விரிப்புகளும் காயப் போட்டிருந்தார்கள். கும்பலின் காவலாளி எங்கே என்று பார்த்துக்கொண்டே போன ராமதாஸ், ஒரு தலையணை உறையில் முகத்தை முட்டிக்கொண்டான். விலக்கிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா."

"என்ன?"

"ஆதித்தாய் கொடியில காயுது."

உறையின் ஓரத்தில், கட்டைவிரல் நகமளவு, கறுப்பு மையில்: வட்டம், இரண்டு புள்ளி, கீழே வால். அடுத்த உறையில் அதே. அதற்கடுத்த விரிப்பிலும் அதே. ஐயாயிரம் ஆண்டுத் தொல்குடி மொத்தமும் கிளிப் மாட்டிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நவமணி உறையின் ஓரத்தைத் திருப்பித் தடவிப் பார்த்தார். அவர் உதடு மெதுவாக விரிந்தது. எரியாத கடையின் பொய்யைக் கண்டுபிடித்த நாளில்கூட அவர் முகத்தில் இத்தனை மகிழ்ச்சி இருந்திருக்காது என்று ராமதாசுக்குத் தோன்றியது.

"டோபி குறி," என்றார்.

"என்னக்கா?"

"உனக்கு எங்கே தெரியும். அந்தக் காலத்துல டோபி காட் சலவைத்துறையிலேருந்து டோபி வந்து வீட்டுத் துணியெல்லாம் எடுத்துட்டுப் போவாரு. நூறு வீட்டுத் துணி ஒண்ணாக் கலக்குமா இல்லையா? மாறிப்போகாம இருக்க வீட்டுக்கு ஒரு குறி. புள்ளி, கொக்கி, ஏணி. அழியாத மை."

"அப்ப தாய்நிலத்தின் தொப்புளு…"

"சலவைக்குப் போட்ட கணக்கு."

வீட்டின் பின்புறமிருந்து சரக் சரக் என்று தேய்க்கும் சத்தம் வந்தது. இருவரும் போய்ப் பார்த்தார்கள். இரண்டு பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஓவியத்தை விரித்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மெலிந்த மூதாட்டி ஒருவர் அதன் நட்டநடுவைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளி. நுரைக்கு நடுவில் ஆதித்தாய் அசையாமல் கிடந்தாள்.

"யோகம்மா அக்காவா?" என்றார் நவமணி.

"ஓம். இருங்கோ பிள்ளை, கை ஈரம்." யோகம்மா நிமிர்ந்தார். பதறவில்லை, ஓடவில்லை. "இந்தப் பெயின்ட் போகமாட்டன் எண்டு நிக்குது. என்ன கண்டறியாத பெயின்டோ. நடுவில உள்ளதை மட்டும் கழுவிப்போட்டு, பின்னேரத்துக்கு முன்னம் கொண்டுபோய்த் திருப்பிக் கொழுவிவிடலாம் எண்டு பார்த்தன்."

"எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?" என்றான் ராமதாஸ்.

"பக்கத்து வீட்டு இமான் லோரி வச்சிருக்கிறான். சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். நல்ல கம்பளம் மக்சிக், எங்கே வாங்கினீங்கள் எண்டு வேற கேட்டான்."

நவமணி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஏன்க்கா எடுத்தீங்க?"

யோகம்மா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "டோபி மாத்திக் குடுத்த துணியள் இந்த வீட்டில ஒரு பெட்டி நிறையக் கிடந்தது. ஆற்றை வீட்டுத் துணியெண்டு தெரியாது. எறியவும் மனம் வரேல்ல. எங்கட வீட்டுப் பழசும் அதுக்குள்ளதான். வினோதன் படம் கீறுறவன்தானே, பிரஷ் துடைக்க உதவுமெண்டு பெட்டியோட குடுத்தன். அவன் துடைக்கேல்ல. கும்பிட்டிருக்கிறான்."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"முன்காட்சியண்டைக்குப் போய்ச் சொல்லப் பார்த்தன். அவன் மைக்கைக் கையால விட்டால்தானே. ரெண்டு மணித்தியாலம் பேசினான். நடுவில இருக்கிறது ஆதித்தாயாம்." யோகம்மா நுரையை வழித்து அந்த வட்டத்தைக் காட்டினார். "பிள்ளை, அது என்ர மனுசன்ர உள்ளுடுப்பில இருந்த குறி. வாழ்ந்த காலத்தில வாசலுக்குக்கூடச் சட்டை போடாமல் வராத மனுசன். அவர்ர களிசானைக் காடியளவுக்குக் கீறி ஹோட்டல் வாசலில கொழுவினால், நான் எப்படி அந்த றோட்டால போறது?"

ராமதாசுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. நவமணியின் முழங்கை அதைத் திருப்பி அனுப்பியது.

"அக்கா, இதை அனுஜா திருடிட்டான்னு சார் சொல்றாரு," என்றார் நவமணி. "சாயங்காலம் எல்லார் முன்னாடியும் அவளைப் போலீஸ்ல கொடுக்கப் போறாரு."

யோகம்மா வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பிள்ளையையோ? நான் டப்பாவைத் திருப்பி வச்சிட்டு வந்தனே. பணியாரத்தைப் பார்த்தால் யோகம்மா வந்து போயிருக்கிறாள் எண்டு எவருக்கும் விளங்காதோ?"

"விளங்கியிருக்கும்," என்றார் நவமணி. "எவரோ தின்னுட்டாரு."

*

ஐந்தரை மணிக்குத் தொப்புள் மூங்கிலுக்குத் திரும்பியது. நடுப்பகுதி மட்டும் சற்று வெளிறி, மற்ற இடங்களைவிடப் பளிச்சென்று இருந்தது. பின்னறையில் நவமணி தலையணை உறையைத் தொல்நிலன் மடியில் விரித்து, விஷயத்தைச் சொன்னார். தொல்நிலன் முகத்தில் நிறங்கள் ஒவ்வொன்றாக மாறின. அவர் வரைந்த எந்த ஓவியத்திலும் இவ்வளவு நல்ல வண்ணச் சேர்க்கை வந்ததில்லை என்று ராமதாஸ் நினைத்தான்.

"இது யாருக்கும் தெரியவேணாம்," என்றார் கடைசியில்.

"தெரியாது. யோகம்மா அக்கா பேரும் வெளியே வராது," என்றார் நவமணி. "ஒண்ணே ஒண்ணு. காலையிலேருந்து ஊரு பூரா அனுஜா திருடின்னு போன் போட்டுச் சொல்லியிருக்கீங்க. மைக்குல அவ எடுக்கலன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான்."

"சொல்றேன். தாய்மேல சத்தியமா."

"எந்தத் தாய்?" என்றான் ராமதாஸ்.

கூடம் நிரம்பியது. பட்டும் சந்தன வாசமுமாகச் சிலோன் குடும்பங்கள், கழுத்தில் காமிராவோடு பத்திரிகைக்காரர்கள், முன்வரிசையில் டத்தோ. பின்வரிசையில் யோகம்மா, சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடிக்கொண்டு. வரவேண்டாம் என்று நவமணி சொல்லியும் வந்திருந்தார். அனுஜா தூணோரம் நின்றாள். வருகிறவர்கள் எல்லாம் அவளைப் பார்த்துவிட்டு, தங்கள் கைப்பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

தொல்நிலன் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, இன்று காலை இந்த ஓவியம் மறைந்தது. இப்போது மீண்டது. யார் எடுத்தார்கள், யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி சிறியது. நிலம் தன்னைத் தானே அழைத்துக்கொண்டது. நிலமே திரும்பி வந்தது. மன்னிப்பது கலைஞனின் கடமை. நான் மன்னித்துவிட்டேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கைதட்டிய எல்லாரும் மன்னிக்கப்பட்டவள் யார் என்று தூணைத் திரும்பிப் பார்த்தார்கள். அனுஜாவின் முகம் சுண்ணாம்பானது.

"சொல்லலயே அக்கா," என்று ராமதாஸ் பல்லைக் கடித்தான். "இன்னும் நல்லா ஒட்டிவிட்டுட்டாரு."

நவமணி எழுந்தார். ஆனால் அவருக்கு முன்னால் பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யோகம்மா நடந்து வந்தார். முகத்தை மூடியிருந்த தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். தொல்நிலனின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். சின்னப்பிள்ளையின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவதுபோல.

"நிலம் எடுக்கேல்ல. நான் எடுத்தனான்," என்றார். "நடுவில இருக்கிறது ஆதித்தாய் இல்லை. என்ர மனுசன்ர உள்ளுடுப்பில டோபி போட்ட குறி. கழுவிப்போட்டுக் கொண்டுவருவம் எண்டு எடுத்தன். அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

ஊசி விழுந்திருந்தால், அது கீழே விழுமுன்பே கேட்டிருக்கும்.

இரண்டாவது வரிசையில் பரமநாதன் என்ற முன்னாள் ரயில்வே கிராணி மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார். எழுந்து போய் ஓவியத்தின் இடது மூலையைக் கூர்ந்து பார்த்தார்.

"இந்த ஏணி எங்கட வீட்டுக் குறி," என்றார். "கலியாண வேட்டி ஒண்டு டோபியிட்டப் போய் வரவே இல்லை. அம்மா சாகும்வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித் திட்டினவ."

"பெட்டியில கிடந்தது பரமநாதன். சரிகைக் கரை," என்றார் யோகம்மா மைக்கிலேயே.

அவ்வளவுதான், அணை உடைந்தது. பட்டுச் சேலைகள் எல்லாம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓவியத்தை மொய்த்தன. மூன்று புள்ளி எங்களுடையது, கொக்கி எங்களுடையது, சிலுவை சித்தப்பா வீட்டுடையது என்று கூடம் பசார்போல் ஆனது. ஐயாயிரம் ஆண்டு நாகரிகத்தைக் கால்மணி நேரத்தில் சொந்தக்காரர்கள் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். ஒரு தலையணை உறைக்காக இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டன. டத்தோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். காமிராக்கள் எல்லாம் ஓவியத்தை விட்டுவிட்டு, அதன்முன் நின்று சண்டை போடுகிறவர்களை எடுத்தன.

தொல்நிலன் கூட்டத்தை நீந்திக் கடந்து தூணுக்கு வந்து சேர்ந்தார். அங்கவஸ்திரம் எங்கோ போயிருந்தது.

"அனுஜா, நீ போய் ஏதாச்சும் பேசு. உனக்குத்தான் விளக்கிச் சொல்ல வரும். கைமீறிப் போகுதுமா, காப்பாத்து."

அனுஜா அவரைப் பார்த்தாள். யோகம்மாவிடமிருந்து மைக்கை வாங்கி, அதை அணைக்காமல், தொல்நிலனின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"நான் எடுக்கலன்னு சொல்லுங்க சார்."

"அதான் அவங்களே சொல்லிட்டாங்களே."

"போன் போட்டு ஊரெல்லாம் சொன்னது நீங்கதான் சார். அவங்க இல்ல."

கூட்டம் திரும்பியது. டத்தோ சிரிப்பை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அனுஜா எடுக்கல," என்றார் தொல்நிலன்.

"சத்தமா சார்."

"அனுஜா எடுக்கல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அனுஜா தலையை அசைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓவியத்தின் முன்னால் போய் நின்றாள். கைப்பைகள் எல்லாம் பழைய தோளுக்குத் திரும்பியிருந்ததை ராமதாஸ் கவனித்தான்.

"வணக்கம்," என்றாள் அனுஜா. "இடது பக்கத்துல இருந்து ஆரம்பிப்போம். துணி தொலைஞ்சவங்க மட்டும் முன்னாடி வாங்க. மத்தவங்க உட்கார்ந்து பாருங்க."